தம்பிக்குத் தூக்கிய பாலம்

1956, ஆனி 9. பாம்பன்.

தம்பி ராசு இன்று நாகப்பட்டினத்துக்குத் தோணியில் போய்விட்டான். ரயில் பாலத்தைத் தூக்கி அவனுக்கு வழிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவு பெரிய இரும்பை வெறும் கையால் தூக்குகிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. பின்பக்கம் கட்டியிருக்கும் எடை பாரத்தை வாங்கிக்கொள்கிறது. நாங்கள் தண்டைப் பிடித்துச் சுற்றிவந்து தள்ளினால் போதும், பாலம் எழுந்துவிடும்.

இன்று எனக்குக் கால் எழவில்லை. கூடத் தள்ளிய முனியசாமி, "என்னண்ணே, இப்பிடி மெதுவா தள்ளுறீக? தோணி காத்துக்கெடக்குல்ல," என்றான்.

"தள்ளிக்கிட்டுத்தான இருக்கேன்," என்றேன்.

பாலத்தைக் கடக்கும்போது கையசைப்பதாக ராசு சொல்லியிருந்தான். நீரோட்டம் இழுத்த இழுப்பில் பாய்க்கயிற்றை அவனால் விட முடியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. மண்டபம் ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது என்று பாலத்தை உடனே இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் கிணற்றுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் பெரிய அண்டாவையும் மூங்கில் கம்பையும் எடுத்துப் போயிருக்கிறேன். அண்டாவை நிறைத்துக் கம்பில் மாட்டிய பிறகுதான், மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்பது உறைத்தது.

பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிவந்தேன்.