உன் கட்டத்தில் ‘ரெண்டு’

பர்மா நூடுல்ஸான அத்தோவில் தூவும் வறுத்த பூண்டின் வாசம் இன்று மதியம் ராயபுரத்தில் மூக்கில் ஏறியதும் உன்னைத் திட்டினேன், சந்தோஷமாகத்தான். அடிப் பாவி, செத்துப் போன பிறகும் என்னிடம் பந்தயம் ஜெயிக்கிறாயே!

காலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. அங்கே கடல் தண்ணீர் இழுக்கும் பெரிய பம்பு. நிறுத்தினால் மொத்த வேலையும் நின்றுவிடும். தண்டைத் தாங்கும் பேரிங் கெட்டிருந்து நிறுத்தாமல் விட்டால் தண்டு உடைந்து பக்கத்தில் நிற்பவர்கள் மேல் பாயும். “ஓட்டலாமா, நிறுத்தலாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம்” என்று மேலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாம் இருவரும் எழுதிய மென்பொருளைத் திறந்தேன். ஒரே அதிர்வுப் பதிவை நாலைந்து முறைகளில் அலசி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று அருகருகே வரைந்து காட்டுமே, அதேதான். ஆனால் லேசில் காட்டாது. நீ வைத்த வம்பு அப்படி! படம் வருமுன் இருவரும் ஆளுக்கொரு கட்டத்தில், எத்தனை சிகரம் வரும் என்று எழுதியாக வேண்டும்.

எண்ணூரில் முதல் பதிவிலேயே ஒரு சிகரத்தைப் பார்த்து, இயந்திரத்தின் நோயைப் பிடித்துவிட்டோம் என்று குதித்தோமே. அது ஒயரில் கலந்த கரண்டு இரைச்சல். மானம் கப்பலேறியது. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டங்கள். “படத்த பாத்துட்டா கண்ணு கட்சி மாறிடும்மே. மொதல்ல வாய வுட்டு மாட்டிக்க” என்றாய். தோற்றவள் அத்தோ வாங்க வேண்டும் என்பதும் உன் சட்டம்தான்.

நீ போன பின் இரண்டு கட்டங்களையும் நானே நிரப்புகிறேன். இன்று என் கட்டத்தில் ‘ஒன்று’. உன் கட்டத்தில் ‘ரெண்டு’, நீ சந்தேகப் பிராணி என்பதால். பதிவோ குட்டையானது, நெருங்கிய சிகரங்கள் ஒன்றாய்க் கலந்துவிடும். சராசரி எடுக்கும் முறை ஒரே சிகரத்தை, அகலமான மேடாகக் காட்டியது. நல்ல பம்பு என்று அர்த்தம். நீ தலையில் தூக்கிவைத்து ஆடுவாயே, மாதிரி பொருத்திப் பார்க்கும் முறை, அது ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிகரங்களை ஊசி ஊசியாகக் காட்டியது. பேரிங் கெட்டால்தான் அந்த இரண்டாவது ஊசி வரும்.

உன் கட்டம் இல்லாதிருந்தால், அந்த முறை இட்டுக்கட்டுகிறது என்று தள்ளியிருப்பேன். இப்போது உனக்காக வாதாட வேண்டியதாயிற்று. உன் வழக்கப்படியே, விடை தெரிந்த பொய்ப் பதிவு ஒன்றைத் தயாரித்தேன். ஒரே சிகரம், கொஞ்சம் இரைச்சல். உன் முறை ஒன்றைத்தான் காட்டியது. அருகருகே இரண்டை வைத்தேன். அது இரண்டையும் காட்டியது. சராசரி முறை மறுபடியும் ஒரே மேடு! மேலாளர் பக்கம் திரும்பினேன்.

“நிறுத்துங்க சார்.”

பிரித்தார்கள். பேரிங்கின் உள்வளையத்தில் விரிசல்! நான் போட்ட கூச்சலில் ஃபிட்டர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். “இன்னா மேடம், ஒடஞ்சத பாத்து இம்மாஞ் சந்தோசம்?” அவருக்கு உன்னைப் பற்றி எப்படிச் சொல்வது?

அத்தோ இரண்டு தட்டு வாங்கினேன். உன்னுடையதில் காரம் தூக்கல். இரண்டையும் நானே தின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, பாதிதான் காரத்தால்.

அலுவலகத்தில் கேட்கிறார்கள், ஒருத்திதானே இருக்கிறீர்கள், இரண்டாவது கட்டத்தை எடுத்துவிடலாமே என்று. எடுக்க மாட்டேன். நாளை மீஞ்சூரில் ஒரு பெரிய விசிறி. எனக்கு ‘ரெண்டு’ என்று படுகிறது. சொல்லு மே, உன் கட்டத்தில் என்ன போடட்டும்?