பாதியில் நிற்கும் பூ

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எங்களுக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. ஜன்னல், கண்ணாடி, தையல் என்று பலபேர் எழுதித் தீர்த்தாயிற்று, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று உன் பேராசிரியர் கேட்டாராம், நீயும் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். வா, இது உன் வீடு. ஆனால் அதற்கு முன் இங்கே நடந்ததைக் கேள். எனக்காகத் தமிழில் எழுதி அனுப்பினாயே ஒரு அத்தியாயம், அதை நம் போட்டோ ஸ்டுடியோ கவுண்டரில் உட்கார்ந்து படித்தேன். விக்டோரியா ராணி காலத்து நாவல்களில் நல்லவள் என்றால் தலை குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள், பொல்லாதவள் என்றால் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பாள், ஏங்குகிறவள் ஜன்னலோரம், அவள் வாயே திறக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கிற சாமானே அவள் யாரென்று சொல்லிவிடும் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் அப்பா கடையில் மூன்றும் இருக்கிறதே! திரையில் வரைந்த ஜன்னல், ஆளுயரக் கண்ணாடி, அப்புறம் படம் எடுக்க வரும் பெண்கள் கையில் கொடுக்கிற அந்த எம்பிராய்டரி வளையம். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அதில் பூ பாதியில் நிற்கிறது. அன்றுதான் எடுத்து உற்றுப் பார்த்தேன், துணியில் குத்திவைத்த ஊசியில் நூலே இல்லை. எத்தனை பேர் அதைக் குனிந்து தைத்தோம், நானும்தான், ஒருத்திகூட கவனிக்கவில்லை.

மறுநாள் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்தாள். அப்பா வழக்கம்போல அவளை நாற்காலியில் உட்காரவைத்து வளையத்தை நீட்டினார். எனக்கு ஊசியெல்லாம் வராதுங்க, ஸ்டியரிங்தான் வரும் என்றாள். நான் எழுந்து போய், அவங்க நிக்கட்டும், அவர் குழந்தையோட உட்காரட்டும் என்றேன். ஆராய்ச்சிக்காரியப் பெத்த மகராசி கிளம்பிட்டா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார். படத்தைப் பார்த்ததும் இதுதாங்க நான் என்றாள் அவள், கண் கலங்கிவிட்டது. அவளைக் கேட்டுக்கொண்டு அப்பா அதைப் பெரிதாகப் போட்டுக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார்.

இத்தனை வருஷம் இந்தக் கடையில் விளக்குப் பிடித்தேன், பார்க்கக் கற்றுக்கொடுத்தது நீ. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பெத்த பொண்ணுக்கா நன்றி என்று அப்பா கேலி பண்ணுகிறார், பண்ணட்டும். உன் பேராசிரியருக்கு அது பழசாக இருக்கலாம், எனக்குப் புதுசு, அந்த பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கும் புதுசு. உன்னையும் ஒண்ணு எடுக்கவா என்று அப்பா என்னிடம் கேட்டார். நான் காமிராவை வாங்கிக்கொண்டு அவரை உட்காரவைத்து, வளையத்தைக் கையில் திணித்து, தலை குனியச் சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே கழுத்து வலிக்குதுடி என்றார். படம் இதோடு இருக்கிறது, உன் மேஜைமேல் வைத்துக்கொள்.

தொட்ட காரியம் உனக்குத் துலங்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. வளையத்தையும் பார்சலில் வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துவிட்டேன். பூவை முடித்தாலும் சரி, அப்படியே விட்டாலும் சரி, எழுதுவதை மட்டும் பாதியில் விட்டுவிடாதே.

உன்னிடம் படிக்கும்
அம்மா