வாசனையும் 1.1 சதவீதமும்

மே 6, திங்கள்

அவர் ஓய்வு பெற்று ஏழு மாதம். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவருக்கு வீட்டில் ஓட்டுவதற்கு என்னைத் தவிர வேறு எதுவும் இல்லை. பின்வேலி முழுக்க ஹனிசக்கிள் கொடி பூத்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் மூலிகை மருந்துக் கம்பெனி தொண்டைக் கஷாயத்துக்கு அதன் உலர்ந்த பூவை வாங்கும். "நம்ம பூவையும் வாங்குவாங்களா?" என்றார். சோதனையில் தேறினால் வாங்குவார்கள் என்றேன். சோதிப்பவள் நான்தான் என்பதை ஏதோ சலுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

மே 9

முற்றத்து வெயிலில் பாய் போட்டு உலர்த்துகிறார். மணிக்கொரு தரம் புரட்டுகிறார். முகத்தில் பழைய களை. இதற்காகவாவது தேற வேண்டும்.

மே 14

தேறவில்லை. குளோரோஜெனிக் அமிலம் 1.1 சதவீதம். குறைந்தது 1.5 வேண்டும். பூவின் தரத்துக்கு நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மறுபடி செய்தேன், அதே 1.1. மூன்றாவது முறை கருவியில் ஏற்றப் போனபோது தராசு வந்து நின்றாள். பக்கத்து மேஜைக்காரி, எதையும் எடை போட்ட பிறகே நம்புவாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். "அக்கா, வேற யாரோடதா இருந்தா மூணாவது தடவை செய்வீங்களா?"

மாட்டேன். 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் எப்படிச் சொல்ல?

மே 15

சொல்லிவிட்டேன்.

"உங்க மெஷின் சரியில்ல" என்றார். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், படுத்துவிட்டார். கோபத்திலும் தட்டைக் கழுவுகிற மனுஷன்! அதுதான் இன்னும் வலிக்கிறது.

மே 17

இன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மே 18, சனி

தப்பு என்னுடையது. காலையில் மீதிப் பூவைக் கிளறிப் பார்த்தேன் — எல்லாம் விரிந்தவை, பாதி மஞ்சள். எப்போது பறித்தீர்கள் என்று கேட்டேன்.

"சாயங்காலம். அப்பத்தான வாசனை தூக்குது?"

அட கடவுளே. அமிலம் மொட்டில்தான் உச்சத்தில் இருக்கும், விரிய விரிய இறங்கிவிடும். வாசனை வேறு பொருள், அது விரிந்த பிறகுதான் வரும். மனுஷன் மூக்கை நம்பியிருக்கிறார். மிச்சம் இருந்ததை வெயிலும் கெடுத்திருக்கும். சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் இருபது வருடமாக இதைச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடம் ஒரு நாளாவது சொன்னேனா? இல்லை.

உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். "வாய் திறக்கறதுக்கு முன்னாடி, விடியக்காலைல. கொஞ்சம் ஆவி காட்டி, நிழல்ல காய வைக்கணும். அவ்வளவுதானே?" என்று ரூட் நம்பர் மாதிரி ஒப்பித்தார். பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா குறைஞ்சா போயிடுவ?" மன்னிப்புக் கேட்டேன். நான்கு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். அடுத்த முறை பூக்க ஒரு மாதம் ஆகும்.

ஜூன் 2

நாத்தனார் போன். தொண்டை வலியாம். அண்ணன் வீட்டுக் கொடியின் பூவோடு பழத்தையும் போட்டுக் கொதிக்க வைக்கலாமா என்று கேட்டாள். பழத்தைத் தொடாதே, வாந்தி வரும் என்றேன்.

"பூ எல்லா வியாதியையும் தீர்க்கும்தானே அண்ணி?"

ஆராய்ச்சியில் கண்ணாடித் தட்டில் கிருமி அடங்கியது, எலிக்கு வீக்கம் குறைந்தது. அதை வைத்து மனுஷத் தொண்டைக்குச் சத்தியம் செய்ய முடியுமா? "இதமா இருக்கும். மூணு நாள்ல சரியாகலன்னா டாக்டர்கிட்ட போ" என்றேன். "உங்ககிட்ட கேட்டா எல்லாத்துக்கும் பிரேக்தான்" என்று வைத்துவிட்டாள். அண்ணன் புத்தி.

ஜூன் 19

மறுபடி மொட்டு. நாலரைக்கு அலாரம் இல்லாமலே எழுந்துவிட்டார். முதல் பஸ் எடுத்த உடம்பு.

ஜூன் 26

சோதனைக்கு வந்த ஐந்து பொட்டலங்களிலும் தராசு பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் ஒட்டிக் கொடுத்தாள். நான் கேட்டுத்தான் செய்தாள். நான்காம் எண் மட்டும் தேறவில்லை. அதுதான் அவருடையது என்று மனசு அடித்துச் சொன்னது.

சாயங்காலம் பெயர்ப் பட்டியலைப் பிரித்தாள். அவர் எண் மூன்று! அமிலம் 2.7. கூடவே பார்க்கிற லூட்டியோலோசைடும் தாராளம். உடனே போன் செய்தேன்.

"அப்ப நான் சும்மா இருக்கிற ஆள் இல்ல."

கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 1

ஒரு மொட்டைக்கூட விரிய விடுவதில்லை மனுஷன். வேலி வெறும் பச்சை. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் வாசனையே இல்லை. உற்சாகமாக இருக்கிறாரே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று வேலை முடிந்து வந்தபோது சமையலறையில் வாசனை. ஜன்னலை ஒட்டி ஒரே ஒரு கிளை, மேலிருந்து கீழ்வரை விரிந்து மஞ்சளாகிக் கிடக்கிறது.

"இதைப் பறிக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அது கம்பெனிக்கு இல்ல, உனக்கு."

1.1 கூடத் தேறாது. ஜன்னலை மூடவில்லை.