அழகர்சாமிக்குப் போட வேண்டிய பொன்னாடை

கட்டபெட்டு,
22.11.1979

அன்பு மச்சான் செல்லையாவுக்கு,

தையற்காரன் தங்கவேலு எழுதுவது. நானும் உன் தங்கச்சி வீரம்மாவும் பிள்ளைகளும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அட்டன் பக்கம் மழை எப்படி, உன் இருமல் எப்படி என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அழகர்சாமிக்குப் போடச் சொல்லி, கப்பலேறி வந்த காளியம்மாளிடம் நீ கொடுத்தனுப்பிய பொன்னாடை, போன ஞாயிற்றுக்கிழமை மேடையில் என் தோளில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. கைகூப்பினேன். போடுகிறவருக்கு எட்டட்டுமே என்று கொஞ்சம் குனிந்தும் கொடுத்தேன். போட்டோவும் எடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து உன் தங்கச்சி என்னைப் "பொன்னாடைக்காரரே, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுகிறாள்.

நடந்ததைக் கேள். கேட்டுவிட்டு யாரைத் திட்டுவது என்று நீயே முடிவு செய்.

அழகர்சாமி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் வந்திறங்கிய வருஷம், பதினோராம் நாள், தெய்வம்மா அத்தை குளிரில் போனபோது, எங்கே புதைப்பது, யார் குழி வெட்டுவது என்று தெரியாமல் நின்றோம். தப்பட்டைச் சத்தம் கேட்டு, ரோட்டு வேலை பார்க்கும் மனுஷர் ஒருவர் மம்பட்டியோடு வந்தார். எந்த ஊர், என்ன சாதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டினார், மூடினார், தலைமாட்டில் ஒரு கல் நட்டார், ஓடையில் மம்பட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அன்று முதல் சிலோன்காரர்கள் யார் செத்தாலும் குழி அவருடையதுதான்.

அவருக்கு விழா எடுக்க வேண்டும் என்றதும் நம் ஆண்டிக் கங்காணி தலைவராகிவிட்டார். அங்கே சிலோன் தோட்டத்தில் இருபது பேரை மேய்த்தவருக்கு இங்கே மேய்க்க யாருமில்லாத குறை. நான் செயலாளர். வாழ்த்து மடல் எழுதுவது என் பொறுப்பு. நான்கு பக்கம் எழுதினேன் மச்சான். "மண்ணைத் தோண்டி மனிதத்தைக் கண்டெடுத்த மாணிக்கமே" என்று தொடங்கும். எழுதிவிட்டு நானே இரண்டு முறை அழுதேன். கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கினோம்.

முன்கூட்டிச் சொன்னால் அழகர்சாமி வரமாட்டார், கூச்சப்படுவார், திடீரென்று அசத்த வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். ஜனங்களைச் சேர்க்க அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? அங்கே காலையில் வேலைக்குப் பேர் போடப் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட அடிப்போமே, அந்தத் தப்பட்டை. "நம்ம முறையில கூப்புடுவோம்டா" என்று, மதியம் இரண்டு மணிக்குத் தானே தோளில் மாட்டிக்கொண்டு அடித்தார்.

இங்கே வேலைக்குக் கூப்பிட ஃபேக்டரிச் சங்குதான். இந்த மலையில் பதினோரு வருஷமாகத் தப்பட்டை கேட்டால் சாவு. பெரட்டு அடி வேறு, சாவு அடி வேறு என்கிறார் கங்காணி. நான்கு மேடு தள்ளி மஞ்சுக்குள் நின்று கேட்பவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

கூட்டம் வந்தது மச்சான், நன்றாகவே வந்தது. ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூக்கம்மா வளைவிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்தாள். "எந்தச் சீமான் போனாரோ" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள், யாரும் சாகவில்லை என்றதும், "அப்ப எதுக்குடா எலவு கொட்டுனீங்க, கட்டையில போறவனுங்களா" என்று அதே மூச்சில் திட்டினாள். மூன்று மாலை வந்தது. மூன்றும் சாவு மாலை.

அழகர்சாமியை மட்டும் காணோம். சிறப்பு விருந்தினர் ஹெர்பர்ட் வாத்தியாருக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுந்தேவிட்டார். அவர் அழகர்சாமியைப் பார்த்ததில்லை. கறுத்து மெலிந்த மனுஷர், முன்வழுக்கை என்று கங்காணி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் மேடையில் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. கைதட்டல் வேறு. திருத்த வாயெடுப்பதற்குள் வாத்தியார் பஸ் ஏறிவிட்டார்.

ஐந்து மணிக்கு மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார், மயானத்தில் அழகர்சாமி குழி வெட்டி முடித்துவிட்டு, பிணம் ஏன் இன்னும் வரவில்லை என்று தூறலில் உட்கார்ந்திருக்கிறார் என்று.

ஓடினோம். சில்வர் ஓக் மரத்தடியில் சாக்கைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "ஏனுங்க, யாருங்க போனது?" என்று கேட்டார். யாரும் போகவில்லை, உங்களுக்குத்தான் விழா என்று கங்காணிதான் சொன்னார். அழகர்சாமி கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குழியைப் பார்த்தார். "வெட்டுன குழி வெறுங்குழியாக் கெடக்கக் கூடாதுங்க. எதையாச்சும் போட்டுத்தான் மூடோணும்" என்றார்.

எங்கள் கையில் இருந்தது என் வாழ்த்து மடல்தான். வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது போலிருக்கிறது. "இதுல தலை எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டு, தெற்கே தலை வைத்து, கண்ணாடி உடையாமல் மெல்லக் கிடத்தி, மண்ணைத் தள்ளினார். என் மாணிக்கம் மண்ணுக்குள் போனது. சிரிக்காதே.

பிறகு என் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போடப் போனேன். யார் கொடுத்தது என்றார். தெய்வம்மா அத்தையின் மகன் அனுப்பியது என்றேன். சட்டென்று திரும்பி, புல் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்த ஒரு கல்லைக் காட்டினார். "அந்தம்மா பையனுங்களா? வந்துட்டாருங்களா?"

இல்லை என்றேன். பாஸ்போர்ட்டு, குடும்பக் கார்டு, அடுத்த கப்பல் என்று நீ வருஷா வருஷம் எழுதுவதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வேன்? அவர் பொன்னாடையைத் தொடவில்லை, கையில் மண். "அவரு வந்து அம்மாவைப் பாத்துப்போட்டு, அவரு கையால போடட்டுங்க" என்றார். ஓடையில் மம்பட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

பொன்னாடை என் மிஷின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இங்கே நூற்றுக்கணக்கான கல் இருக்கிறது மச்சான், எதிலும் எழுத்து இல்லை. எது யார் என்று அந்த ஒரு தலைக்குத்தான் தெரியும். அந்தத் தலையும் நரைத்துவிட்டது. அடுத்த கப்பல் என்று இனி எழுதாதே, ஏறிவிட்டு எழுது. அத்தை உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் மச்சான்,
தங்கவேலு

பின்குறிப்பு: அழகர்சாமிக்கு நேராக நன்றிக் கடிதம் எழுத அவருடைய விலாசம் கேட்டிருந்தாய். காலையிலிருந்து கங்காணி, மூக்கம்மா, தபால்காரர் வரைக்கும் விசாரித்துவிட்டேன். அவர் வீடு எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.