‘அமரர்’ போட மறந்த பெயர்

என் தங்க அம்மா,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு கேள். உன் தம்பி மாரிமுத்து சாகவில்லை. நேற்று நம் செமோர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எண்பத்து மூன்று வயது. பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது அம்மா, நானே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

எல்லாம் உன் மகளின் மறதியால் வந்தது. உன் முதலாண்டு நினைவஞ்சலியைப் பேப்பரில் போட்டோம். உன் படம், பிறந்த ஊர், என் போன் நம்பர், அதற்குக் கீழே பிரிவால் வாடும் எல்லோர் பெயரும். “எம்பேரு வர்ற எடத்துல எந்தம்பி பேரும் வரணும்” என்று நீ பிடித்த பிடிவாதம் தெரிந்ததுதானே? என் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ‘அமரர் மாரிமுத்து’ இல்லாமல் நம் வீட்டில் ஒரு காகிதம் அச்சானதில்லை. இந்தத் தடவை அந்த ‘அமரர்’ விட்டுப்போனது.

காலையிலேயே குணா போனில் கத்தினான். “ஏங்க்கா, செத்தவரைக் கூட்டியாந்து அம்மாவுக்கு அழ வெச்சிருக்கியே, பேப்பருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிப் பாக்க மாட்டியா லா?” உன் பிள்ளையின் வாய் மட்டும் மாறவே இல்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் இன்னொரு போன். தெரியாத நம்பர், வயதான குரல். “சித்தியவான் தோட்டத்துப் பொன்னம்மா வீடா? பேப்பர்ல எம்பேரு போட்டிருக்கீங்க. நான் உசுரோட இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

ஏமாற்றுக்காரன் என்றுதான் நினைத்தேன். இப்போது போனில் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தானே? “எங்கம்மா சின்னப்புள்ளையில உங்கள என்னா பண்ணுவாங்க, சொல்லுங்க பாப்போம்” என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. “கிள்ளுவா. முதுகுல கிள்ளுவா. எனக்கு வலிக்காது.” உடனே நம் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.

அந்தக் கிள்ளலைப் பற்றி நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். சக்கரையால் வந்த கால் புண்ணை எங்களிடம்கூட மறைத்து, அது முற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளைகளைச் சட்டையில்லாமல் வரிசையாக நிறுத்துவார்களாம். மருந்து கொடுக்கும் டிரசர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மலேரியாவுக்குக் கொயினாவை வாயில் ஊற்றி, விழுங்கும்வரை முறைத்துக்கொண்டு நிற்பாராம். உனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. அவன் முதுகில் வெளிறிய தேமல் மாதிரி ஒரு திட்டு. அங்கே கிள்ளினால் வலிக்காது என்பது உங்கள் இருவரின் விளையாட்டு. உன் அப்பா துண்டால் மூடி அனுப்பியிருந்ததை நீதான் விலக்கி, “ஐயா, இங்க பாருங்க, இவனுக்குக் கிள்ளினா வலிக்காது!” என்று பெருமையாகக் காட்டினாய்.

மறுநாள் லோரி வந்தது. கோலாலம்பூர் பக்கம் பெருநோய்க்காரர்களை அடைத்து வைக்கும் இடத்துக்கு அவனைக் கொண்டுபோனார்கள். அவன் பாயைக் கொளுத்தினார்கள். லயத்து வீடுகளில் யாரும் உங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. உன் அப்பா வேறு தோட்டத்துக்குக் குடும்பத்தை மாற்றினார். ஆறு மாதம் கழித்து, அவன் செத்துவிட்டான் என்று சொல்லிப் பேச்சை முடித்தார்.

“நான்தான் காட்டிக் குடுத்துட்டேன், செல்வி.” ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைச் சொல்லிவிட்டு நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். நேற்று மாமாவிடம் அதைக் கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன்.

“அக்கா காட்டலேன்னா அப்பா இன்னும் ரெண்டு வருஷம் மூடி வெச்சிருப்பாரு. புது மாத்திரை அப்பத்தான் வந்துச்சு. எனக்குச் சீக்கிரமே கெடச்சிச்சு. லேட்டா வந்தவங்களுக்கெல்லாம் வெரல் போயிருச்சி, மருமவளே. காலையில அவங்க சட்டைக்குப் பட்டன் போட்டுவுட என்னையத்தான் கூப்புடுவாங்க.”

கேட்டாயா அம்மா? எழுபது வருஷத்துக்கு மேலாக நீ சுமந்த பாரத்தை, டீ குடித்துக்கொண்டே இறக்கி வைத்துவிட்டார்.

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட உடம்பு வேண்டுமென்று மருந்து ஊற்றிய அதே கைதானே, ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது? கும்பிடுவதா, திட்டுவதா? குணமான பிறகு மாமா உன்னைத் தேடி வந்திருக்கிறார். பழைய தோட்டத்தில் யாரோ, “அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, போயி சூசா குடுக்காத” என்றார்களாம். உனக்குத் தொல்லை வேண்டாமென்று கோலாலம்பூர் பக்கமே திரும்பிப் போய், அங்கேயே பூச்செடி விற்றுப் பிழைத்திருக்கிறார்.

என் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லையென்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாயே, ஞாபகமிருக்கிறதா? நேற்று தட்டில் வெற்றிலை பாக்கோடு எனக்குப் பச்சைச் சேலை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தாய்மாமன் சீர்! குணா சிரிக்க ஆரம்பித்து, கடைசியில் தேம்பித் தேம்பி அழுதான்.

கிளம்பும்போது மாமா சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். “அந்த எடம் இன்னும் மரத்துத்தான் இருக்கு. அக்காவுக்காக ஒண்ணு கிள்ளு.” கிள்ளினேன் அம்மா, உன் பங்குக்கு, நன்றாகவே. இரண்டு பேருமாகச் சிரித்தோம்.

இனி எந்த விளம்பரத்திலும் அவர் பெயர் ‘அமரர்’ இல்லாமல்தான் வரும். இன்னொன்று. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கும் சக்கரை. மூன்று மாதமாக இடது பாதத்தில் ஓர் இடம் மரத்துப்போயிருக்கிறது. உன்னைப் போலவே யாரிடமும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை மாமா என்கூட வருகிறார். கிளினிக்கில் காட்டுவேன் அம்மா, சத்தியமாகக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தாய்மாமன் உள்ள உன் மகள்,
செல்வி