முதல் ரகத் தோலில் சூரியன்

ஆம்பூர், 12-7-1957

சிரஞ்சீவி நந்தகோபாலுக்கு, மாமன் ஆசீர்வாதம்.

டெலஸ்கோப் வந்தது. உங்கள் அப்சர்வேட்டரி மலையில் மழைமேகமாம், சூரியப் புள்ளிகளை இங்கிருந்து எண்ண வேண்டுமாம். அங்கே அத்தனை பேர் சம்பளம் வாங்கி என்ன பண்ணுகிறார்கள்? போகட்டும், எண்ணிவிட்டேன். தினமும் பத்தொன்பது, ஒன்று குறையவில்லை! நாளுக்கொரு படமும் வரைந்திருக்கிறேன். டெலஸ்கோப் வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்யச் சொன்னாய். சூரிய பகவானைத் தாளிலா இறக்குவது? நானே பொறுக்கிய முதல் ரக ஆட்டுத்தோலைப் பலகையில் ஆணியடித்து அதில் இறக்கினேன். வேடிக்கை பார்க்க வேலூர் லாங் பஜாரே காலி. கலெக்டரும் வருவதாகக் கேள்வி. ரிப்போர்ட்டில் என் பெயர் பெரிய எழுத்தில் வரட்டும்.

உன் மாமன்,
ஜம்புலிங்கம்

20-7-1957

மாமாவுக்கு வணக்கம்.

சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. புள்ளிகள் நாளுக்கு நாள் நகர வேண்டும். உங்கள் படங்களில் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தோலில் உண்ணி கடித்த தழும்பாக இருக்குமோ? புள்ளிகள் மாதக்கணக்கில் கூடிக் குறையும் சுற்று உண்டா என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன். பொய்ப்புள்ளி சேர்ந்தால் அத்தனையும் வீண். அத்தை நலமா?

நந்தகோபால்

ஆம்பூர், 25-7-1957

நந்தகோபாலுக்கு,

உண்ணித் தழும்பா? இன்னா பேச்சுடா இது! இருபது வருஷமாக ரகம் பிரிக்கிறேன். நான் தடவி ‘ஃபஸ்ட்’ என்றால் லண்டன்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறான். இது எங்கள் தோல் மண்டி முதலாளி கலீமுல்லா சாயபு காதில் விழுந்தால், இந்த மாதம் ஏற்றுமதிக்குக் கட்டிய தோல்கட்டு, பேல் அத்தனையும் பிரிக்கச் சொல்வார். என் பிழைப்பு என்ன ஆவது? என் கூடப்பிறந்தவள் உன்னை இப்படியா வளர்த்தாள்? புள்ளி நகரவில்லையென்றால் சூரியனைக் கேள், என்னைக் கேட்காதே! அத்தை நலம். அவளுக்கும் கோபம்.

ஜம்புலிங்கம்

31-7-1957

மாமா,

சண்டை வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை கணக்கை மேலே அனுப்ப வேண்டும். தோலில் குறையில்லை என்று இன்னொரு முறை எழுதுங்கள், அப்படியே சேர்த்துவிடுகிறேன். உங்கள் கண்ணை நம்பித்தான் கேட்டேன்.

நந்தகோபால்

ஆம்பூர், 5-8-1957

நந்தா,

நம்புகிறேன் என்று எழுதி மனுஷன் வாயை அடைத்துவிட்டாய். நியாயமா இது? வெறுந்தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்தொன்பதும் தோலில்தான் இருக்கிறது. பிறகு நானே சாயபு எதிரில் பேலைப் பிரித்தேன். பாதிக்கு மேல் ரகம் இறங்கிவிட்டது. “இன்னா ஜம்பு, கண்ணு கம்மியாயிட்ச்சா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நாளை முதல் நான் பிரித்ததை இன்னொருவன் பார்ப்பானாம். உன் சூரியனால் எனக்கு எவ்வளவு பேஜார் பார்!

அந்தப் பத்தொன்பதை அடித்துவிடு. பெயரையும்.

ஜம்புலிங்கம்