முட்டிக்கு ஒரு ஸ்தோத்திரம்

அடியே,

நேற்றுக் காலை கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும், உன் மகள் பையிலிருந்து நீலகிரித் தைலத்தை எடுத்து என் முழங்காலில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். பஸ் முழுக்க உன் வாசனை. முன் சீட்டில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் என்னை அறியாமல் உன்னைத் தேடிப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகைப்பூ வாசனையிலோ சாம்பிராணி வாசனையிலோ தோழியின் நினைவு வரும். நீ எனக்குத் தைலத்தில் வருகிறாய்.

வராமல் எப்படி இருப்பாய்? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவையைப் பிரித்துப் பிரித்துக் காட்டினவள் நீ. பத்திரம் எழுதும் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து டைப் அடித்தவள் நான். நின்றவளுக்கும் முட்டி வலி, உட்கார்ந்தவளுக்கும் முட்டி வலி! சாயங்காலம் நாம் இருவரும் தெருவில் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. எனக்கு மானம் போகும். நீயோ, "ஊர்வலம் வருது, வழி வுடுங்க!" என்று நீயே குரல் கொடுத்து மிச்சம் மீதி மானத்தையும் வாங்குவாய்.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னாரே, அதற்கு அடுத்த புது வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு உன்னிடம் என் தீர்மானங்களை ஒப்பித்தேன். இனிப்பு கிடையாது, சோறு பாதிதான், எடையைக் குறைக்கணும், தினமும் நடக்கணும்.

நீ கேக்கை மென்றுகொண்டே கேட்டாய். "இன்னாடி இது, ஜெயிலுக்குப் போறவ மாதிரி சொல்ற?"

"டாக்டர் சொன்னதுதான."

"டாக்டர் நடக்கத்தான சொன்னாரு? அழுதுக்கினே நடக்கச் சொன்னாரா? ஒரு ஆச சொல்லு. ஒடம்பு நல்லா இருந்தா இன்னா பண்ணுவ?"

பையனுக்கு நல்ல வேலை கிடைக்கணும், அவனுக்குக் கல்யாணம் ஆகணும் என்று ஆரம்பித்தேன். "அது அவன் ஆச. உன்னுது எங்க?" என்று மடக்கினாய். யோசித்துப் பார்த்தேன். என்னுடையது என்று ஒன்றும் அகப்படவில்லை. நீயோ விடுகிற ஆளா? என் பதிலுக்காகக் காத்திருக்கிற சாக்கில் இன்னொரு துண்டு கேக்கையும் வாங்கித் தின்றுவிட்டாய். கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "கரியாலூர்ப் பக்கம் அருவி இருக்காமே. அதுல தலைய நனைக்கணும்."

கள்ளக்குறிச்சியிலேயே பிறந்து, மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் கல்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்தவள், அருவி இருக்காமே என்கிறாள்! நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு என் கையைப் பிடித்து, "போதும்டி. இனிமே நீ நடக்கறது சுகருக்காக இல்ல, அருவிக்காக" என்றாய். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நாம் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தது அப்படித்தான். நல்ல கூத்து அது.

அருவிக்கு முதல் தடவை போனபோது, இறங்குகிற வழியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். பாறையும் வேருமாகக் கிடந்த சரிவில் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பெரிய பாறையைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டேன். கீழே அருவி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. நீ திட்டுவாய் என்று பார்த்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, எலுமிச்சைச் சோற்றை எடுத்து வைத்தாய். "இன்னிக்கு இது வரைக்கும் வந்தோம் பாரு. நம்ம தெருவுல எவ வந்தா?" என்றாய். எனக்குத் தோற்ற மாதிரியே இல்லை. அந்தப் பாறைமேல் சாப்பிட்ட சோறு மாதிரி ஒரு சோற்றை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சாப்பிட்டதில்லை.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில்தான் நீ சர்ச்சையே கலக்கினாய். பீடத்துக்கு முன்னால் பூசணியும் கரும்பும் மரவள்ளிக் கிழங்கும், கால் கட்டிய கோழிகளும் குவிந்து கிடந்தன. அவற்றை ஏலம் விடுவதற்கு முன்னால் அவரவர் எழுந்து அந்த வருஷத்து நன்றியைச் சொல்வது நம் சர்ச் வழக்கம். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததற்குச் சொன்னார். இன்னொருவர் புது வீட்டுக்குத் தளம் போட்டதற்குச் சொன்னார். அப்புறம் நீ எழுந்தாய்.

"என் முட்டிக்கு ஒரு ஸ்தோத்திரம். பாதி மல எறங்கிச்சி, திரும்ப ஏறிச்சி. காலையில வவுறு ஒழுங்கா போவுது, அதுக்கு ஒரு ஸ்தோத்திரம். இதோ, இவளுக்கு சுகர் கம்மியாச்சி. எழுந்து சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கினு ஒக்காந்துக்கினு இருக்கா. அவளுக்கும் சேத்து நானே சொல்லிடறேன்."

சர்ச்சே கொல்லென்று சிரித்தது. பாஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று நான் குனிந்துகொண்டேன். ஆனால் அடுத்த வருஷம் நடந்ததைப் பார்த்தாயே! ஒரு பெரியவர் எழுந்து, மிச்சமிருக்கிற பல்லுக்கு நன்றி சொன்னார். இராத்திரி நன்றாகத் தூக்கம் வருவதற்கு ஒருவர் சொன்னார். ஒரு மருமகள் தன் மாமியாருக்குக் காது மந்தமானதற்கு நன்றி சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியாருக்குத்தான் கேட்கவில்லையே, பிழைத்தாள். வீடு, வேலை என்று மட்டுமே காதில் வாங்கிக்கொண்டிருந்த ஆண்டவருக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போயிருக்கும்.

வருஷா வருஷம் மலைக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினோம். அடி வரைக்கும் போகுமுன் உன் வயிற்றில் கட்டி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் நீ நிறுத்தவில்லை. "கண்ணு தெரியுது, காது கேக்குது, நீ சொல்ற ஊர் வம்பெல்லாம் புரியுது, ஸ்தோத்திரம்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்குடி ஸ்தோத்திரம்? உனக்குக் கோவமே வரலயா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ நிதானமாகச் சொன்னாய்: "ஏன் வராது? ஜாஸ்தியாவே வருது. காலையில ஸ்தோத்திரம், சாயங்காலம் கோவம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பக் கூடாது." அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்டவளை எங்கே போய்த் தேடுவேன்?

நீ போன பிறகு நான் மாத்திரையை வேளா வேளைக்குப் போட்டேன். நடையையும் விடவில்லை. சர்க்கரையும் ஏறவில்லை. ஆனால் மனசில் ஒரு ஆசை இல்லை. புது வருஷம் வந்தது. கேட்க நீ இல்லை, சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. அறுப்பின் பண்டிகையிலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் என் பக்கம் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. அப்படியே மிச்ச காலமும் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. சர்க்கரைக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

உன் மகளுக்கு அது தெரிந்திருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, கெளம்புங்க. அருவிய பாதியில வுட்டு வெச்சிருக்கீங்க. நீங்க போவலன்னா எங்கம்மா கெனவுல வந்து என்னைத்தான் திட்டும்" என்றாள். உன் மகள் அல்லவா, விடுவாளா? நேற்று முணுமுணுத்துக்கொண்டே ஷூவை மாட்டினேன்.

நாம் சாப்பிட்ட பாறை வந்ததும் கால் தானாக நின்றது. "இங்கயே சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாமா பெரியம்மா?" என்றாள் அவள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அங்கே நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் என் ஷூவைப் பார்த்துச் சிரித்து, "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, தண்ணியப் பாக்காமப் போறீங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து உட்கார்ந்து, வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். இறங்கியே விட்டேன்.

தண்ணீர் தலையில் விழுந்தபோது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவ்வளவு குளிர்! தோளிலும் முதுகிலும் அடி அடியென்று அடித்தது. அங்கேயே நின்று உனக்காக வாய்விட்டு அழுதேன். அருவிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? அழுது முடித்தபோது உன்மேல் இருந்த ஆத்திரமும் கொஞ்சம் குறைந்தது. ஆமாம், உன்மேல்தான். பாதியில் விட்டுவிட்டுப் போனவள் நீதானே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அருவி தேங்கி நிற்கும் இடத்தில் ஒரு அம்மா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். நம் வயசுதான் இருக்கும். நைட்டியோடு, கைகளை விரித்துப் போட்டு, வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி கிடந்தார். பேச்சுக் கொடுத்தேன். மணலூர்பேட்டைப் பக்கமாம். சின்ன வயசில் வயல் கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டாராம்.

"பயமா இல்லீங்களா?"

"இன்னா பயம்? ஒடம்ப லேசா வுட்டீங்கன்னா தண்ணியே தூக்கிக்கும்."

"இந்த வயசுக்கு மேல எனக்கெல்லாம் வருங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டது நான் என்றே எனக்கு உறைத்தது. உன் மகள் துவட்டிக்கொண்டிருந்த துண்டோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அந்த அம்மா, "ஏன் வராது? எங்க கெணறு எங்கயும் ஓடிடாது, வாங்க" என்றார்.

திரும்பி ஏறும்போது, மூச்சு வாங்க வாங்க, உன் மகளுக்குக் கேட்கும்படியே ஸ்தோத்திரம் சொன்னேன். முட்டிக்கு, மூச்சுக்கு, உன்னை எனக்குக் கொடுத்ததற்கு. யாரும் எனக்காகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறப்போகிறேன். என் பையன், "இந்த வயசுல கெணத்துலயாம்மா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும். மல்லாந்து படுத்து, கை காலெல்லாம் விரிச்சிப் போட்டு, வானத்தப் பாத்துக்கினு மிதக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்குடி.